பிக்கப் பால் ஜாயிண்ட் போச்சா: ஜாயிண்ட் மட்டும் போடலாமா, ஆர்மோட மாத்தலாமா, கம்பெனில விடலாமா

"மாமா, முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, பால் ஜாயிண்ட்டுங்கிறாங்க, ஒருத்தன் ஜாயிண்ட் மட்டும் போதும்ங்கிறான், இன்னொருத்தன் ஆர்மையே மாத்துங்கிறான், கம்பெனில கேட்டா கீழ கொண்டாந்து விட்டுட்டு போங்கிறான், நான் என்னதான் பண்றது?" இது நீலகிரில கேத்தி பாலாடாவுல கேரட் லோடு அடிக்கிற என் அக்கா பையன். அவனுக்கு போன்ல பதில் சொல்லிட்டு வெளிய வந்தா, எங்க தெருவுல பச்சை தேயிலை ஏத்துற அண்ணன் அதே கேள்வியோட வாசல்ல நிக்கிறாரு. அதான் எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஆர்ம்ங்கிறது முன் சக்கரத்தை சேசிஸோட பிடிச்சு வெச்சு ஏறி இறங்குற இரும்புக் கை, பால் ஜாயிண்ட்ங்கிறது அதோட நுனில கிண்ணத்துக்குள்ள பந்து திரும்புற மாதிரி இருக்கிற மூட்டு.

நான் மெக்கானிக் இல்ல. 18 வருஷமா கோத்தகிரி பக்கம் பிக்கப் ஓட்டுறேன், கைக்கு எட்டுற வேலைய நானே படுத்து பாத்துக்குவேன், எட்டாததுக்கு பக்கத்துல நின்னு பாப்பேன், அவ்வளவுதான்.

## முதல்ல அது பால் ஜாயிண்ட்தானா

இதை தாண்டிட்டு பார்ட்ஸ் கடைக்கு ஓடாதீங்க. எனக்கு ஒரு தடவை ஒரு பட்டறைல சத்தத்தை கேட்ட உடனே டை ராடு எண்டுன்னு (ஸ்டீயரிங்ல இருந்து வந்து சக்கரத்தை திருப்புற கம்பியோட முனை) சொல்லி ரெண்டு பக்கமும் மாத்தி காசு வாங்கிட்டாங்க, வெளிய வந்து முதல் பள்ளத்துல இறக்கினேன், டொக்கு. அதே சத்தம், அதே இடம். அன்னைலருந்து நானே ஜாக்கி போட்டு பாக்காம யாருக்கும் வண்டிய குடுக்கிறதில்ல.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், உங்க வண்டில பால் ஜாயிண்ட் இருக்கான்னே குனிஞ்சு பாருங்க. டாடா ஏஸ் மாதிரி முன்னாடியும் பட்டை ஸ்பிரிங், ஒரே கட்டை ஆக்சில் போட்ட வண்டில இருக்கிறது கிங் பின், அது வேற வேலை, இந்த கட்டுரை உங்களுக்கு இல்ல. இசுசு டி மேக்ஸ் மாதிரி மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், நடுவுல காயில் ஸ்பிரிங்னு இருந்தா மேற்கொண்டு படிங்க.

அறிகுறின்னு பாத்தா சின்ன பள்ளத்துல மெதுவா இறங்குறப்ப டொக்குன்னு அடிக்கும், நேர் ரோட்டுல ஸ்டீயரிங் ஒரு பக்கமா அலையும், டயரோட உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் வழுக்கையாயிடும், ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கிறப்ப கிறீச்சுனு ஒரு முனகல் வரும். ஆனா இதெல்லாம் ஆர்ம் சேசிஸ்ல மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ் போனாலும் வரும், வீல் பேரிங் போனாலும் வரும், அதான் ஏமாறுறோம்.

டெஸ்ட் பண்ற விதம் இதுதான். வண்டி சமதரைல நிக்கணும், நம்ம ஊர்ல சமதரைக்கு எங்க போறது, கேரட் கழுவுற மிஷின் களத்துலயோ இலை பேக்டரி முற்றத்துலயோ கேட்டு நிறுத்திக்கோங்க, பின் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வெச்சு, கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டுடுங்க. ஸ்பிரிங் கீழ் ஆர்ம்ல உக்காந்திருந்தா ஜாக்கிய அந்த கீழ் ஆர்முக்கு அடிலதான், சக்கரத்துக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட குடுக்கணும். பாதி பேர் தப்பு பண்றது இங்கதான். சேசிஸ்ல ஜாக்கி போட்டு தூக்கினா ஸ்பிரிங் ஆர்மை கீழ அமுக்கி பிடிச்சுக்கும், ஜாயிண்ட் இறுகி நிக்கும், அதுக்குள்ள எவ்வளவு தேஞ்சிருந்தாலும் ஆட்டமே தெரியாது, நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஸ்பிரிங் மேல் ஆர்ம்ல உக்காந்த வண்டின்னா இது தலைகீழ், அங்க சேசிஸ்ல தூக்கி பாக்கணும்.

டயர் தரைய விட்டு ரெண்டு விரக்கடை எழும்பினதும் அடில கடப்பாரைய விட்டு மேல நெம்புங்க, இன்னொருத்தர் நக்கிளும் (சக்கரத்தை தாங்கி திரும்புற பாகம்) ஆர்மும் சேர்ற இடத்துல விரலை வெச்சு பாக்கட்டும். ஜாயிண்ட் போயிருந்தா அந்த இடம் டப்பு டப்புன்னு ஏறி இறங்குறது விரலுக்கே தெரியும். அப்புறம் டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருக்கா? உள்ள ஒருத்தரை உக்கார வெச்சு பிரேக்கை நல்லா மிதிக்க சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னு போச்சுன்னா வீல் பேரிங், அப்பவும் ஆடுதுன்னா பால் ஜாயிண்ட் இல்லேன்னா ஆர்ம் புஷ். டயரை இடது வலதா பிடிச்சு ஆட்டினா மட்டும் ஆட்டம் வந்தா டை ராடு எண்டு பக்கம் பாருங்க.

ஜாயிண்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை, அதான் பூட்டுன்னு சொல்றது, அதையும் பாருங்க. அது கிழிஞ்சு கிரீஸ் வெளிய வழிஞ்சிருந்தா இன்னிக்கு ஆட்டம் இல்லேன்னாலும் அந்த ஜாயிண்ட்டுக்கு நாள் எண்ண ஆரம்பிச்சாச்சு. ஐப்பசி மழைல ஒரு மாசம் ஓட்டினா போதும், சேத்துத் தண்ணி உள்ள போய் கிரீஸ் வெளுத்து, பந்து துரு பிடிச்சு கிண்ணத்தை அரைச்சிடும்.

## எதை வச்சு முடிவு பண்றது

எல்லாரும் முதல்ல கேக்கிறது ஜாயிண்ட் என்ன வெலைன்னு. நான் வெலைய கடைசில வெப்பேன்.

முதல்ல பாக்கிறது இறக்கம். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி, கல்லட்டி பக்கம் போனா 36. லோடோட இறங்குறப்ப பிரேக் பிடிச்சா வெயிட் எல்லாம் முன் சக்கரத்துக்கு வந்துடும், ஒவ்வொரு வளைவுலயும் ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் ஒடிக்கிறோம், அதாவது பந்து கிண்ணத்துக்குள்ள எந்த மூலைக்கு போக முடியுமோ அந்த மூலைக்கு போயிட்டு வருது, அதுவும் முழு பாரத்தோட. சமவெளில ஓட்டுறவன் வண்டில வர்ற தேய்மானமும் இதுவும் ஒண்ணில்ல. பந்து கிண்ணத்தை விட்டு கழண்டா சக்கரம் உள்ள மடங்கிக்கும், அதுக்கப்புறம் ஸ்டீயரிங் கைல இருந்தும் ஒண்ணுதான் இல்லாமலும் ஒண்ணுதான்.

ரெண்டாவது, வண்டி எத்தனை நாள் நிக்கும். பறிச்ச இலை அன்னிக்கே பேக்டரி போகணும், சாக்குல கிடந்தா சூடேறி சிவந்துடும், பேக்டரிக்காரன் தொடவே மாட்டான். வண்டி மூணு நாள் நின்னா வேற வண்டிக்கு வாடகை குடுக்கணும், அந்த வாடகைய கூட்டிப் பாத்தா பல நேரம் பார்ட்ஸ் வெலைய விட அதிகமா நிக்கும்.

மூணாவது, ஜாயிண்ட் ஆர்ம்ல எப்படி உக்காந்திருக்கு. இதைத்தான் யாரும் கேக்கிறதில்ல, ஆனா என்னைக் கேட்டா பாதி முடிவு இதுலயே வந்துடும். சில வண்டில மூணு நாலு போல்ட்ல மாட்டியிருக்கும். சிலதுல கம்பெனில ரிவிட் அடிச்சிருப்பாங்க, அதை டிரில் போட்டு எடுத்துட்டு புதுசுக்கு போல்ட் போடணும். சிலதுல ஆர்ம் ஓட்டைக்குள்ள பிரஸ் பண்ணி இறுக்கியிருக்கும், மேல நழுவாம பிடிக்கிற வளையம், சர்க்கிளிப், ஒண்ணு இருக்கும். சிலதுல ஆர்மும் ஜாயிண்ட்டும் ஒரே துண்டு, அதுல தனியா மாத்துறதுக்கு வழியே இல்ல.

நாலாவது, ஆர்ம் புஷ் எந்த நிலைமைல இருக்கு. அதுக்கப்புறம்தான் வெலை.

## வழி 1: ஜாயிண்ட் மட்டும், பக்கத்து பட்டறைல

போல்ட்ல மாட்டின ஜாயிண்ட்டா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், இதுதான். காலைல விட்டா சாயங்காலம் வண்டி கைல. பார்ட்ஸ் வாங்குறப்ப ரானே மாதிரி வண்டி கம்பெனிகளுக்கே ஸ்டீயரிங் சஸ்பென்ஷன் ஜாயிண்ட் செஞ்சு குடுக்கிறவங்களோட பெட்டியா பாத்து, பார்ட் நம்பரை பழசோட ஒத்துப் பாத்து வாங்குங்க. பேரே இல்லாத பிளாஸ்டிக் கவர்ல வர்றதை தொடாதீங்க, வெளிய பாக்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், உள்ள என்ன இரும்பு, என்ன கிரீஸ்னு எவனுக்கும் தெரியாது. வெளிய இருந்து கிரீஸ் அடிக்கிற நிப்பிள் வெச்சது கிடைச்சா நம்ம ஊருக்கு நான் அதைத்தான் எடுப்பேன், மழைக்கு முன்னாடி ஒண்ணு மழைக்கு பின்னாடி ஒண்ணுன்னு பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிச்சா சேறும் அதோட வந்துடும். என்ன, அடிக்க மறக்கிற ஆளா இருந்தா கிரீஸ் அடிக்க வேண்டாத சீல்டு ஜாயிண்ட்டே மேல்.

பிரஸ் பண்ற ஜாயிண்ட்னா இங்கதான் மறைஞ்சிருக்கிற செலவு ஆரம்பிக்குது. பட்டறைல ஹைட்ராலிக் பிரஸ் இல்ல, இல்லேன்னா சி கிளாம்ப் மாதிரி இருக்கிற பால் ஜாயிண்ட் பிரஸ்ஸாவது இல்லன்னா, சுத்தியல்தான் எடுப்பாங்க. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், பழசு வர்லன்னு கேஸ் வெச்சு ஆர்மை செவக்க செவக்க காய்ச்சி, 10 பவுண்டு சுத்தியால தட்டி எடுத்து, புதுசையும் அதே மாதிரி நடு மண்டைல தட்டி இறக்கினாங்க. காய்ச்சின இரும்போட பலம் போச்சு, ஓட்டை முட்டை வடிவமாச்சு, புது ஜாயிண்ட்டோட கிண்ணம் உள்ளயே நசுங்கிருச்சு. ரெண்டு மாசத்துல அது ஆர்ம் ஓட்டைல லொடலொடன்னு ஆட, ரெண்டு இடத்துல வெல்டிங் வெச்சு குடுத்தாங்க. வெல்டிங் சூட்டுல உள்ள பந்து உக்கார்ற சீட் கருகிடும்ங்க, அது சரி பண்ணதில்ல, மூடி வெச்சது. அந்த ஆர்மை கடைசில எடைக்குத்தான் போட்டோம்.

புது ஜாயிண்ட் ஓட்டைக்குள்ள கைலயே வழுக்கிட்டு போச்சுன்னா அந்த ஆர்மோட கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம், பேப்பர் வெச்சு இறுக்குறேன், பஞ்ச் அடிச்சு இறுக்குறேன்னு யாராவது சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க.

## வழி 2: ஆர்ம் அசெம்ப்ளியா மாத்துறது

ஆர்ம், ஜாயிண்ட், புஷ் மூணும் சேந்து புதுசா வரும். எனக்கு சொன்ன கணக்குல ஜாயிண்ட் வெலைய விட மூணு மடங்குக்கு கிட்ட வந்துச்சு, கேட்ட உடனே மனசு கேக்காதுதான். ஆனா உக்காந்து கூட்டிப் பாருங்க: தனி ஜாயிண்ட், பிரஸ் கூலி, ரெண்டு புஷ், புஷ் பிரஸ் பண்ற கூலி, இதுக்கு நடுவுல ஆர்மை தூக்கிட்டு குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ லேத் பட்டறை தேடிப்போற பஸ் செலவு, அரை நாள். வித்தியாசம் ரொம்ப சுருங்கிடும். பிரஸ்ஸே வேண்டியதில்ல, போல்ட்டை கழட்டி மாட்டுற வேலைதான், அதனால சாதாரண பட்டறைல கெடுத்து வெக்கிற வாய்ப்பும் கம்மி.

இதுல வர்ற தொந்தரவு ஆர்ம் போல்ட். பழைய வண்டில அது புஷ்ஷோட உள் குழாய்ல துரு பிடிச்சு ஒண்ணாயிருக்கும், மொத நாளே டீசல் இல்லேன்னா துரு எண்ணெய் ஊத்தி ஊற வெச்சிட்டு போங்க, இல்லேன்னா கட்டிங் மிஷின் வெச்சு அறுக்கணும், அப்ப புது போல்ட் கைல இல்லேன்னா வண்டி அங்கயே உக்காந்துக்கும். சக்கரத்தோட சாய்வை செட் பண்ற கேம்பர் போல்ட்டோ ஷிம் தகடோ இருந்தா கழட்டுறதுக்கு முன்னாடி பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேர் பண்ற தப்பு. சக்கரம் தொங்கிட்டு இருக்கிறப்பவே புஷ் போல்ட்டை முழுசா இறுக்கிடுறாங்க. வண்டிய கீழ இறக்கினா ஆர்ம் மேல வரும், இறுகிப்போன ரப்பர் முறுக்கிட்டே கிடக்கும், சீக்கிரமே பிஞ்சிடும். சும்மா மாட்டி வெச்சிட்டு, வண்டி தன் வெயிட்ல நின்னப்புறம் இறுக்கணும்.

## வழி 3: கம்பெனி சர்வீஸ்

பார்ட்ஸ் ஒரிஜினல், பில் இருக்கும், அதுல வாரண்டி இருக்கும், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு கணக்கா இறுக்குற ஸ்பேனர்) வெச்சு இறுக்குவாங்க, அலைன்மென்ட்டும் அங்கயே முடிஞ்சிடும். வண்டி இன்னும் வாரண்டில இருந்தா வேற எங்கயும் போகவே வேண்டாம், வெளிய பிரிச்சா அப்புறம் அதையே சாக்கா சொல்லுவாங்க. வாரண்டி முடிஞ்ச வண்டிக்கு? பார்ட்ஸ் ஸ்டாக் இருக்கான்னு போன்ல கேட்டு, இருக்குன்னு சொன்ன ஆளோட பேரையும் எழுதி வெச்சிட்டு கிளம்புங்க. ஒரு தடவை இருக்குன்னு சொன்னாங்கன்னு போனேன், போனப்புறம் வர்லைனாங்க, நாலு நாள் வண்டி அங்க, நான் இங்க.

அதை விட பெரிய கேள்வி, ஜாயிண்ட் ஆடுற வண்டிய கோயமுத்தூருக்கு எப்படி கொண்டு போறது? ஓட்டிட்டு இறங்குறேன்னு சொல்றவங்களுக்கு நான் ஒண்ணுதான் சொல்லுவேன், கடப்பாரை டெஸ்ட்ல ஆட்டம் கண்ணுக்கே தெரிஞ்சா லோடு இல்லேன்னாலும் மலை இறங்காதீங்க. வேற வண்டி மேல ஏத்தி கொண்டு போற வாடகைய சேத்தா இந்த வழியோட செலவு எங்கயோ போயிடும். பூட்டு மட்டும் கிழிஞ்சிருக்கு, ஆட்டம் இன்னும் வரல, அவசரம் இல்லன்னா தாராளமா ஓட்டிட்டுப் போய் விடலாம்.

## வழி 4: உக்கடம் பழைய ஆர்ம்

உக்கடம்னா கோயமுத்தூர்ல பழைய வண்டி சாமான் விக்கிற இடம். மலிவு. பழைய மாடலுக்கு புது ஆர்மே கிடைக்காதப்ப வேற வழியும் இல்ல. ஆனா நீங்க வாங்குறது ஒரு ஆக்சிடென்ட் வண்டியோட ஆர்மா கூட இருக்கலாம், லேசா வளைஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது, அலைன்மென்ட் மிஷின்ல ஏத்துறப்பதான் பல்லை இளிக்கும். அப்படியே வாங்கினாலும் ஆர்மை மட்டும் வெச்சிட்டு ஜாயிண்ட்டும் புஷ்ஷும் புதுசு போடணும், அப்ப என்னத்த மிச்சம் பண்ணோம்? என்னைக் கேட்டா கதவு, பம்பர், டெயில் லைட்டுக்கு உக்கடம், சக்கரத்தை பிடிச்சு நிக்கிற சாமானுக்கு வேண்டாம்.

## வழி 5: நாமளே பண்றது

போல்ட் டைப்பா இருந்து, பால் ஜாயிண்ட் புல்லர், ரெண்டு நல்ல ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் இருந்தா பண்ணலாம், நான் பண்ணிருக்கேன், அரை நாள் போச்சு. ஆனா காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம்ல உக்காந்த வண்டின்னா ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது: ஜாயிண்ட்டை பிரிக்கிற நேரத்துல அந்த ஸ்பிரிங்க அடக்கி வெச்சிருக்கிறது கீழ் ஆர்முக்கு அடில இருக்கிற ஜாக்கி ஒண்ணுதான். அது நழுவினா ஆர்ம் படார்னு கீழ விழும், ஸ்பிரிங் வெளிய பாயும், எதிர்ல இருக்கிற ஆள் முகம் தாங்காது. நட்டை முழுசா கழட்டாம நாலு மரை விட்டு வெச்சிட்டு புல்லரை இறுக்குங்க, டப்புன்னு விட்டதும் நட்டு பிடிச்சுக்கும்.

கவட்டை மாதிரி இருக்கிற ஃபோர்க்க அடிச்சு பிரிச்சா பூட்டு கிழியும், கழட்டி போடப்போற பழசுக்கு பரவாயில்ல, திருப்பி மாட்டப்போறதுக்கு வேண்டாம். புதுசு மாட்டி நட்டை டார்க்குக்கு இறுக்கினப்புறம் ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வர்லன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேரா கொண்டு வாங்க, தளத்தி கொண்டு வராதீங்க. பழைய பின்னை நிமித்தி போடுறது, கட்டுக்கம்பி சொருகுறது எல்லாம் வேண்டாம், அது அஞ்சு பத்து ரூபா சாமான். ஃபோர் பை ஃபோர்னா ஆக்சில் ஷாஃப்ட் வேற குறுக்க நிக்கும், அதை வீட்டு வாசல்ல ஆரம்பிக்காதீங்க.

## ஒரே பார்வைல

| வழி | கைல இருந்து போறது | வண்டி நிக்கிறது | சொல்லாம வர்ற செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஜாயிண்ட் மட்டும் | கம்மி | ஒரு நாள் | பிரஸ் கூலி, ஆர்ம் கெட்டா மறுபடி முதல்ல இருந்து | போல்ட் டைப், புஷ் நல்லா இருக்கிற வண்டி |
| ஆர்ம் அசெம்ப்ளி | நடுத்தரம் | பார்ட்ஸ் கைல இருந்தா ஒரு நாள் | துரு பிடிச்ச போல்ட் | பிரஸ் டைப், பழைய வண்டி, தினம் லோடு |
| கம்பெனி சர்வீஸ் | அதிகம் | சொன்ன நாளை விட கூட | கீழ கொண்டு போற வாடகை | வாரண்டி வண்டி, அவசரம் இல்லாதவங்க |
| பழைய ஆர்ம் | கம்மி மாதிரி தெரியும் | தேடுற நாளும் சேரும் | வளைவு, புது ஜாயிண்ட், புஷ் | புதுசு கிடைக்கவே இல்லேன்னா |
| நாமளே | பார்ட்ஸ் மட்டும் | அரை நாள், ஒரு நாள் | டூல்ஸ், தப்பு பண்ணா ஆஸ்பத்திரி | போல்ட் டைப், கை பழகினவங்க |

எந்த வழில போனாலும் அலைன்மென்ட் செலவை தனியா எடுத்து வெச்சிடுங்க. டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிறது) மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க, கேம்பர் (சக்கரத்தோட பக்கவாட்டு சாய்வு), காஸ்டர் (திரும்புற அச்சோட முன் பின் சாய்வு) ரெண்டும் பாக்க சொல்லுங்க. அதை மிச்சம் பண்றேன்னு விட்டா ஒரு சீசன்ல முன் டயர் ரெண்டும் ஓரம் போய் நிக்கும்.

ரெண்டு பக்கமும் மாத்தணுமான்னு கேக்கிறாங்க. கட்டாயம் இல்ல. அந்தப் பக்கம் கடப்பாரைக்கு அசையல, பூட்டும் கிழியலன்னா அது பாட்டுக்கு ஓடட்டும். ஆனா அதே மழை, அதே சேறு, அதே 14 வளைவுதான் அதுக்கும், அதனால மாத்துற அன்னிக்கே அதையும் ஜாக்கி போட்டு பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கணும்.

அக்கா பையன் வண்டிக்கு போய் பாத்தேன். பிரஸ் டைப், ஏற்கனவே ஒரு தடவை யாரோ தட்டி இறக்கின தழும்பு ஆர்ம்ல இருக்கு, புஷ் ரெண்டும் வெடிச்சு கிடக்கு. ஆர்மையே மாத்து மாப்ளன்னு சொல்லிட்டேன், ஆர்டர் போட்டிருக்கான், ரெண்டு நாளைக்கு அவன் சித்தப்பா வண்டில கேரட் போகும். இலை அண்ணனுக்கு போல்ட் டைப், மூணு போல்ட்ட கழட்டி ஞாயித்துக்கிழமை பேக்டரி முற்றத்துலயே மாத்திட்டோம். அந்தப் பக்கத்தையும் பாத்துடலாம்ணான்னு சொன்னேன், "இருட்டிருச்சுப்பா, அது நல்லாத்தான் இருக்கும்"னு ஜாக்கிய எடுத்து வெச்சிட்டாரு. நேத்து டீ கடைல பாத்தேன், இப்ப அந்தப் பக்கம் லேசா டொக்குங்குதாம். இந்த ஞாயிறும் கடப்பாரை எடுத்துட்டு போகணும்.